கறிவேப்பிலைச் செடியில் ஒரு தம்பி

முன்னொரு காலத்தில், கடுகு வாங்கக்கூட மலை இறங்க வேண்டிய ஏலமலை நாட்டில், வஞ்சிக்கொடி என்றொரு ராஜகுமாரி இருந்தாள். தாய் தகப்பன் இல்லை. தம்பி மாறன் மட்டும்தான். அழகிதான், மறுக்கவில்லை. ஆனால் வாய் இருக்கிறதே, அது சும்மா இருக்காது.

ஒருநாள் வீதியில் போன மந்திரவாதியின் கோணல் நடையைப் பார்த்து, உப்பரிகையிலிருந்து கலகலவென்று சிரித்துவிட்டாள். அவன் விறுவிறுவென்று மேலேறி வந்தான்.

"யார் சிரிச்சது?"

வஞ்சிக்கொடி தூணுக்குப் பின்னால் பதுங்கினாள். "நான்தான்" என்று முன்னால் வந்து நின்றவன் மாறன்.

மந்திரவாதி கோலை ஆட்டினான். மாறனைக் காணோம்! கொல்லைக் கறிவேப்பிலைச் செடியின் கொழுந்தில், கடுகளவு முட்டை ஒன்று வெளிர்மஞ்சளாக ஒட்டியிருந்தது.

"நீயே வளர்த்துக்கோ. இவன் புழுவாகிக் கட்டுற கூடு உடையறதுக்குள்ள, நாலு பேர் முன்னால 'இது என் தம்பி'ன்னு சொன்னா மனுஷனாவான். இல்லேன்னா பூச்சியாப் பறந்தே போவான்!"

இவ்வளவுதானா என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாளே தோழி கேட்டாள். "இளவரசி, அந்த இலையில அப்படி என்ன இருக்கு?"

சொல்ல வாயெடுத்தாள், வெட்கம் வந்து வாயைப் பொத்தியது. முட்டையைத் தம்பி என்றால் ஊர் சிரிக்காதா?

"ஒண்ணுமில்லை."

தம்பி தேசம் பார்க்கப் போயிருக்கிறான் என்று ஒரு கதையும் கட்டிவிட்டாள்.

முட்டை பொரிந்தது. புழு முதலில் தன் ஓட்டைத் தின்றது, பிறகு இலையைத் தின்றது. பழுப்பும் வெள்ளையுமாக அசல் பறவை எச்சம் போலவே இருந்தது. ரசத்துக்கு இலை பறிக்க வந்த சமையல்காரர் கேட்டார். "அம்மணி, இது என்னங்க?"

சொல்ல வாயெடுத்தாள், வெட்கம் வந்து வாயைப் பொத்தியது.

"காக்கா எச்சம்."

சமையல்காரர் விடுவாரா? ஒரு குடம் தண்ணீரைச் செடிமேல் ஊற்றினார். புழு உருண்டு சேற்றில் விழுந்தது. அவர் போனபின் வஞ்சிக்கொடி அதைத் துழாவி எடுத்து, கழுவி, இலையில் விட்டாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு புழு தோலுரித்துப் பச்சையானது. அவள் தொட்டால் தலையிலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றம் விட்டது. சமையல்காரர் தொட்டால் சாதுவாக இருந்தது! அவள் கூனிக் குறுகிப் போனாள்.

ஒருநாள் புழு கிளையில் நூல் கட்டிச் சாய்ந்துகொண்டு கூடானது. கூட்டுக்குள் கறுப்பும் மஞ்சளுமாகச் சிறகு தெரியத் தொடங்கிய காலையில், கடற்கரை நாட்டிலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

எல்லோரும் பார்க்க, பெண்ணே இலை பறித்து ரசம் வைக்க வேண்டும் என்பது ஏலமலை வழக்கம். கொல்லையில் கூட்டம் கூடியது. மாப்பிள்ளையின் தாயார் குனிந்து பார்த்தார். "இது என்னம்மா?"

சொல்ல வாயெடுத்தாள், வெட்கம் வந்து வாயைப் பொத்தியது.

"சருகுங்க அத்தை."

"சருகை எதுக்குச் செடியில விட்டு வைக்கணும்?" கிள்ளி எறியக் கையை நீட்டினார்.

வஞ்சிக்கொடி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "தொடாதீங்க! இது என் தம்பி! மந்திரவாதியைப் பார்த்துச் சிரிச்சது நான். பழியை ஏத்துக்கிட்டது இவன். இவனை எச்சம்னு சொன்னேன், சருகுன்னு சொன்னேன்... இது என் தம்பி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. காது மடலெல்லாம் எரிந்தது அவளுக்கு. ஆனாலும் பிடித்த கையை விடவில்லை.

கூடு டப்பென்று வெடித்தது. தலைமுடி ஈரத்தில் ஒட்டிக் கிடக்க, மாறன் எழுந்து நின்றான்.

அவள் தலை நிமிரவில்லை. "நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சாடா?"

"எல்லாமே கேட்டுச்சுக்கா."

அவள் அழுதாள். மாறன் நெற்றியில் ஒட்டிய ஈர முடியை ஒதுக்கிக்கொண்டான். பிறகு அவள் தோளைத் தொட்டான். "கடைசியாச் சொன்னதும் கேட்டுச்சு. பசிக்குது, ரசம் வை. கறிவேப்பிலை மட்டும் போட்டுடாதே!"

கடற்கரை நாட்டு மாப்பிள்ளையோடு கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மந்திரவாதி கோணல் நடையாக வந்தபோது, மணப்பெண்ணே எழுந்து போய் அவன் கையைப் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்தாள். அவன் ரசத்தைத் துழாவித் துழாவிப் பார்த்தான். ஓர் இலைகூட இல்லை.