மணியக்காரர் முதுகில் ஏறிய யானை

முன்னொரு காலத்தில், மழைகூடத் தன் ஆணைக்கு அடங்கும் என்று நம்பிய ராஜா ஒருவர் இருந்தார். ஐப்பசி அடைமழையில் ஒருநாள் அவருக்கு ஆசை வந்தது, கொலுமண்டபச் சுவரில் யானை வேண்டுமாம்!

"தை பிறக்கட்டும், மகாராஜா. வெயில் காலத்தில் சுவரில் வரைவேன். மழைக்காலத்தில் வர்ணம் அரைப்பேன். இப்போது பூசினால் சுண்ணாம்பு காயாது" என்றார் ஓவியர் மருதப்பன்.

அரண்மனை மணியக்காரர் வீரபாகுவுக்கு ஓவியரைக் கண்டாலே ஆகாது. "சுத்தச் சோம்பேறித்தனம், பிரபு! என் மைத்துனன் பத்தே நாளில் வரைந்து காயவைத்துக் காட்டுவான்" என்றார்.

"காட்டிவிட்டால் மருதப்பன் நாட்டைவிட்டே போகவேண்டும்" என்று தீர்ப்பாகிவிட்டது.

மருதப்பன் விகடகவி கூத்தபிரானிடம் ஓடினார். "பெண்டாட்டி பிள்ளையோடு எங்கே போவேன், சுவாமி?"

"எங்கேயும் போகவேண்டாம். போய் வர்ணம் அரையும் ஐயா, தைக்கு வேண்டாமா?" என்றார் கூத்தபிரான்.

பத்தாம் நாள் சுவரில் யானை பளபளத்தது. ராஜா தொடப் போனார்.

"கை பட்டால் கறையாகும், பிரபு! காய்ந்துவிட்டது, நான் பொறுப்பு" என்று பதறினார் வீரபாகு.

"காய்ந்த சுவர் சாய்வதற்கு நல்லது, மகாராஜா" என்றார் கூத்தபிரான். "பாவம், மணியக்காரர் காலையிலிருந்து நிற்கிறார். கொஞ்சம் சாய்ந்துகொள்ளட்டுமே."

"சாயும்!" என்றார் ராஜா.

என்ன செய்வார் மனிதர்? வெள்ளை அங்கவஸ்திரத்தோடு சாய்ந்தார். உடனே கூத்தபிரான் அரச வம்சத்தின் புகழைப் பாட ஆரம்பித்தார். அது முடியும்வரை சபையில் யாரும் அசையக் கூடாது என்பது அங்கே வழக்கம். படுபாவி, நாற்பது தலைமுறையையும் ஒன்றுவிடாமல் பாடினார்!

பாட்டு முடிந்து வீரபாகு நிமிர்ந்தபோது சுவரில் யானையைக் காணோம். தும்பிக்கை முதல் வால்வரை அவர் முதுகில் இருந்தது.

"மகாராஜா, யானை மணியக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டது!" என்றார் கூத்தபிரான்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி விகடகவிக்குப் போட்டார். மருதப்பனைப் பார்த்து, "தை பிறந்ததும் வாரும். அதுவரை உம்மை யாரும் கூப்பிடமாட்டார்கள்" என்றார்.

வீரபாகு அன்றே அங்கவஸ்திரத்தைத் துவைத்துக் கொடியில் போட்டார். அதுவும் தை பிறந்துதான் காய்ந்தது.