மேடம் சொல்லாத பதில்

கம்பெனி வேலையில் பயம் மேலிருந்து கீழே இறங்கும். உங்களுக்குத் தெரியாததா? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனி. அதன் சட்டப் பிரிவுக்குத் தலைமை மங்கையர்க்கரசி மேடம். வெளி வக்கீல்களின் பில் இன்னொரு தடவை வரம்பைத் தாண்டினால் உங்கள் பிரிவையே இழுத்து மூடிவிடுவேன் என்று எம்.டி. சொல்லிவிட்டார். அன்றோடு மேடத்துக்குத் தூக்கம் போயிற்று. அந்தப் பயத்திலே ஒரு விதி போட்டார்: தன்னிடம் கேட்காமல் எந்த வக்கீலும் சீனியர் வக்கீலை அமர்த்தக் கூடாது, அமர்த்தினால் அந்த ஃபீஸ் அவர் தலையில்.

கம்பெனி நிலத்தின் மேல் ஹைகோர்ட்டில் வழக்கு. கம்பெனி வாங்கி வைத்திருந்த இடைக்காலத் தடை போய்விட்டால் தொழிற்சாலைக்குப் பூட்டுதான். எப்படியும் வாய்தா கிடைத்துவிடும் என்று நம்பி, கம்பெனியின் வெளி வக்கீல் சேவியர் அன்று தனியாகப் போனார். எதிர்த்தரப்போ பெரிய சீனியரோடு வந்து நின்றது. மதியமே கேட்கிறேன் என்று நீதிபதி சொல்லிவிட்டார். சீனியரை அமர்த்தலாமா என்று கேட்க சேவியர் போனில் மேடத்தைக் கூப்பிட்டார்.

மேடம் எம்.டி. அறையில் இருந்தார். அந்த அறைக்குப் போகிறவர்கள் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். எடுத்தவர் மேடத்தின் உதவியாளர் குணசீலன். இரண்டு பெண்களைக் காலேஜில் படிக்க வைக்கிற மனுஷன். விதி தெரிந்தும் சொன்னார்:

"சீனியரை வச்சிடுங்க சார். மேடம்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சொல்லவும் செய்தார். சாப்பாட்டு நேரத்தில் மேடம் வெளியே வந்ததும் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, போனையும் கையில் கொடுத்தார்.

"சீனியர் இன்னும் பேச ஆரம்பிக்கல மேடம். வேண்டாம்னா இப்பவே நிறுத்திடலாம்."

மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. வேண்டாம் என்றால் தொழிற்சாலை போகும். சரி என்றால் தன் பிரிவு போகும். சேவியரின் நம்பரை எடுத்தார், வைத்தார். ஒன்றும் பேசாமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சீனியர் வாதாடினார். தடை நிலைத்தது, தொழிற்சாலை பிழைத்தது. பில் வந்தது, வரம்பு தாண்டிற்று. யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்று எம்.டி. உறுமினார்.

"குணசீலன் சொல்லியிருக்கார் சார். என்னைக் கேக்கல," என்றார் மேடம்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். மேடத்தின் சம்மதம் வருமுன் சீனியரை அமர்த்தினார் சேவியர். அதிகாரம் இல்லாமல் சரி சொன்னார் குணசீலன். மேடம் வாயே திறக்கவில்லை. அந்தச் சீனியரை வைத்த பொறுப்பு யாருடையது?

விடை: மேடத்தினுடையதுதான், சந்தேகமே வேண்டாம். குணசீலனின் வார்த்தை சாப்பாட்டு நேரம் வரைதான் செல்லும். அதற்குப் பிறகு தடுக்க நேரமும் இருந்தது, போனும் கையில் இருந்தது, அதிகாரம் இருந்ததும் அவர் ஒருவரிடம்தான். தெரிந்தும் தடுக்காமல் பலனை வாங்கிக்கொண்டால் அதற்குப் பெயர் சம்மதம். இதைக் குணசீலன் எம்.டி.யிடம் சொன்னாரா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை. இனி எந்தக் கம்பெனியிலும் வேலை கிடைக்காதபடி மேடம் செய்துவிடுவாரோ என்று பயம். அடுத்த வழக்கு வராதே என்ற பயத்தில் சேவியரும் வாயை மூடிக்கொண்டு சீனியர் ஃபீஸைத் தானே கட்டினார். வேலை போன குணசீலன் மேஜையைக் காலி செய்து, எல்லோரிடமும் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மேடத்திடமும் சொன்னார்.