கழுதை மண்ணில் புரள்வது எதனால்

அந்தக் காலத்தில் கழுதைக்குப் பேச்சு உண்டு. வலித்தால் வலிக்கிறது என்று சொல்லும், அதுவும் ஊருக்கே கேட்கிற மாதிரி.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் இருளாண்டி என்று துணி வெளுக்கிறவன் ஒருவன் இருந்தான். அவனிடம் ஒரு பெட்டைக் கழுதை. விடியலில் அழுக்குப் பொதியோடு துறைக்குப் போகும், பொழுது சாய வெளுத்த பொதியோடு வீடு திரும்பும். பொதியை இறக்கியதும் இருளாண்டி வேப்பெண்ணெயைத் தொட்டு அதன் முதுகை நீவி விடுவான், கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை, எலும்பு எலும்பாக. கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாது என்பார்கள். தெரியாமல் போகட்டும், அந்தக் கையின் வாசனை அதற்கு நன்றாகத் தெரியும். அந்த நேரத்துக்காகத்தான் அது நாள் முழுவதும் சுமந்தது.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இருளாண்டிக்கென்றே சொன்ன மாதிரி. காலையிலிருந்து குனிந்து நின்று கல்லில் துணி அடிக்கிறவன், தன் இடுப்புக்கு ஒரு சொட்டு எண்ணெய் வைத்ததில்லை. "கொஞ்ச நேரம் நிமுந்து உக்காருங்களேன்" என்பாள் மனைவி மாடத்தி. "உக்காந்தா எந்திரிக்க முடியாது புள்ள" என்று சிரிப்பான். அது வெறும் கேலி என்றுதான் அவளும் கழுதையும் நினைத்தார்கள்.

ஒரு நாள், துணியெல்லாம் துறையில் நனைந்து கிடக்கும்போது ஊரில் ஒரு சாவு விழுந்தது. பாடைக்கு முன்னால் விரிக்க வெளுத்த துணி உடனே வேண்டும். ஈரத்துணியைப் பொதி கட்டுவதில்லை என்பது அவர்கள் வழக்கம், ஈரம் சுமையை இரட்டிப்பாக்கிவிடும். ஆனால் அன்று மழை மூட்டம். பிணம் காத்திருக்காதே என்று அப்படியே கட்டிவிட்டான்.

பாதி வழியில் கழுதை நின்றுவிட்டது.

"அய்யா, முதுகு ஒடியுது. என்னால ஆகல."

"அழாத தாயி. பாதிய நான் வாங்கிக்கிறேன்."

மூட்டையை அவிழ்த்து, பாதியைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டான். நிமிரும்போது இடுப்பில் ஏதோ வெட்டி இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு துணியைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். அன்று பாயில் படுத்தவன் மறுபடி எழுந்து நடக்கவே இல்லை.

அதன்பின் மாடத்திதான் துறைக்குப் போனாள். முதல் நாள் சாயங்காலம் பொதி இறங்கியதும் கழுதை பழக்கதோஷத்தில் வாசலில் போய் நின்று, "வலிக்குது அய்யா" என்றது.

இருளாண்டி கையை ஊன்றினான். எழ முடியவில்லை. தவழ்ந்து தவழ்ந்து வாசற்படி வரை வந்துவிட்டான். அங்கிருந்து கையை நீட்டியும் கழுதையின் முதுகு எட்டவில்லை.

"என்னைய மன்னிச்சிரு தாயி" என்று படியில் தலையைச் சாய்த்து அழுதான். அவனைத் தூக்கிப் படுக்க வைக்கவே மாடத்திக்குப் பெரும்பாடாகிவிட்டது. நாம் வாயைத் திறந்ததால்தானே இத்தனையும் என்று கழுதைக்கு நெஞ்சு வெந்தது.

மறுநாள் அது ஒன்றுமே சொல்லவில்லை. முற்றத்தில் நின்றதைப் பார்த்ததுமே அவன் மறுபடி கையை ஊன்ற ஆரம்பித்தான். கழுதைக்குத் தாங்கவில்லை. அவன் கண்ணெதிரே பொத்தென்று தரையில் விழுந்து, நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு இப்படியும் அப்படியும் புரண்டது. சரளைக்கல் முதுகில் குத்தியது.

"பாருங்க அய்யா, மண்ணே எனக்கு நீவி விடுது. வலியே இல்ல. நீங்க படுங்க."

இருளாண்டி நம்பிவிட்டான். "நெசமாவா தாயி?" என்று சிரித்தபடியே தலையைப் பாயில் வைத்தான்.

கழுதை சொன்ன ஒரே பொய் அது. அதன் கடைசிப் பேச்சும் அதுதான். இனி வாயைத் திறந்தால் உண்மை வந்துவிடுமே என்று பயந்து, தாங்க முடியாதபோது வெறுமனே கத்த மட்டும் செய்தது.

அன்று முதல்தான், பொதி இறங்கியதும் கழுதை மண்ணில் படுத்துப் புரளுகிறது, வலிக்கிறது என்று மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.