கூப்பிட்டால் வராத சாம்பி

அநியாயம் நடந்தது சாம்பிக்கு. சாம்பி ஒரு பூனை. அவள் செய்யாத திருட்டுக்காக, கண் திறக்காத மூன்று குட்டிகளை வைக்கோல் போருக்குள் ஒளித்து வைத்திருந்த நேரத்தில், அவளைப் பெயர் சொல்லி அழைத்து, அழைத்த நிமிஷமே ஓடி வந்தவளைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். பூனைக்கு நன்றி கிடையாது, கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது என்று சொல்கிறவர்கள் முதலில் இதைக் கேட்கட்டும். பிறகு பேசலாம்.

மனிதருக்கும் மற்ற உயிர்களுக்கும் ஒரே பேச்சு இருந்த காலம் அது. பேச முடிந்தது என்பதற்காக யாரும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கவில்லை. காலைப் பனிக்குள் நடந்துவரும் மயில், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மழை வருமா என்று கேட்கும். கிணற்றுக்குள் தவளை அதை யோசித்து மத்தியானத்துக்கு மேல்தான் பதில் சொல்லும். அதுவரை மயில் நிற்கும். அவசரம் என்ற ஒன்று இன்னும் மலையிலிருந்து இறங்கி வராத நாட்கள்.

மலையடிவாரத்தில், காடு முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் ஒரு வீடு. கருத்தாயியும் அவள் புருஷன் சோணையும் அங்கே இருந்தார்கள். அவர்களோடு ஒரு புள்ளிக்கோழி, அதன் குஞ்சுகள், இரண்டு வெள்ளாடுகள், சாம்பி. சுற்றிலும் கிளுவை வேலி. வேலியின் மூலை ஒன்று புதராக அடர்ந்து கிடந்தது. அதற்குள் ஒரு செம்போத்துப் பறவை குடியிருந்தது.

அப்போது வீட்டுக்கும் விலங்குக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. வீடு ஒரு பெயர் வைக்கும். பெயர் வாங்கிக்கொண்ட உயிர், கூப்பிட்டால் வரவேண்டும். கூப்பிட்டு வந்த உயிருக்கு அந்த வீட்டில் தீங்கு நடக்கக் கூடாது. இதில் இரண்டு பாதி இருக்கிறது, கவனியுங்கள். மனிதர்கள் முதல் பாதியை மட்டும்தான் இன்றுவரை ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

சாம்பி தன் பாதியைக் குறைவில்லாமல் செய்தாள். கொல்லைக் கடைசியில் எலியின் வாலைப் பிடித்திருந்தாலும் விட்டுவிட்டு வருவாள். கருத்தாயி பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கணுக்காலில் ஒரு சாம்பல்நிற வால் உரசிக்கொண்டிருக்கும்.

செம்போத்துக்கு அவர்கள் பெயர் வைக்கவில்லை, மரியாதை வைத்திருந்தார்கள். காரியமாகக் கிளம்பும்போது செம்போத்து எதிரே நடந்துபோனால் போன காரியம் கூடும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. சோணை கலப்பையைத் தோளில் வைத்துக்கொண்டு, அது புதரை விட்டு வரட்டும் என்று வாசலிலேயே நிற்பான். அதுவோ சிவந்த கண்ணை உருட்டி, செம்மண் நிறச் சிறகை ஒருமுறை உதறி, தன் சௌகரியத்துக்கு வரும். சில நாள் வெயில் ஏறிவிடும். ஊர்ப் பெரியவரைச் சொல்வதுபோல, செம்போத்தார் இன்றைக்குக் கொஞ்சம் தாமதம் என்று கருத்தாயி சொல்லுவாள். அவருக்கு இடைஞ்சல் வரக்கூடாதென்று அந்த மூலை வேலியை மட்டும் வெட்டுவதே இல்லை. புதருக்குள் எட்டிப் பார்ப்பதும் கிடையாது.

அந்த வருஷம் அறுப்பு முடிந்து, புது வைக்கோல் போர் பொன்னிறமாக நின்ற மாசி மாதத்தில், கோழிக்குஞ்சுகள் குறையத் தொடங்கின. ஒன்பது இருந்தது ஏழானது. ஏழு நான்கானது. கடைசிக் குஞ்சும் போனபிறகு புள்ளிக்கோழி இரை எடுக்காமல், காலியான இடத்தில் சிறகை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தே கிடந்தது.

விசாரணை களத்துமேட்டில் நடந்தது. கோழியிடம் கேட்டார்கள். நிழல் மாதிரி ஏதோ வந்தது, நிழல் மாதிரியே போனது என்றது. ஆடுகளிடம் கேட்டார்கள். அவை அப்போது தின்றுகொண்டிருந்ததாகச் சொல்லின. எப்போது கேட்டாலும் ஆடுகள் அதைத்தான் சொல்லும். சாம்பியைக் கேட்டபோது அவள் நேராகவே சொன்னாள்.

"செம்போத்தார் புதரைப் பாரு ஆத்தா. குஞ்சு வாசம் அங்கேருந்துதான் வருது."

சோணைக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. யாரைப் பார்த்து யார் பேசுவது, நாக்கு இவ்வளவு நீளமா என்று சத்தம்போட்டான். போய்ப் பார்த்துவிட்டுக் கோபப்பட்டிருக்கலாம். இருபது அடி தூரம். ஆனால் நல்லவர் என்று ஒருவரை ஒருமுறை முடிவுசெய்துவிட்டால், அவர் வீட்டைச் சோதிப்பதே பாவம் என்றாகிவிடுகிறது. கெட்டது என்று முடிவுசெய்துவிட்டதற்கோ சோதனையே தேவையில்லை. எந்த ஊர் நியாயம் இது?

மரியாதைக்காகச் செம்போத்திடமும் ஒரு வார்த்தை கேட்டார்கள். பிறரைப் பற்றிக் குறை சொல்லித் தனக்குப் பழக்கமில்லை என்று அது தொடங்கியது. சாம்பி தினமும் விடியும் முன்பு வைக்கோல் போர்ப்பக்கம் பதுங்கிப் பதுங்கிப் போகிறாள். என்ன வேலையோ, வெறும் வயிற்றுக்காரி போகிற நடையாக அது தெரியவில்லை. கேட்டுக்கொள்ளுங்கள் என்று முடித்தது. சொல்லும்போது அதன் சிவந்த கண் வைக்கோல் போரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கருத்தாயி குனிந்து சாம்பியின் முகத்தைப் பார்த்தாள். "அங்க எதுக்குடி போறே?"

சாம்பி வாய் திறக்கவில்லை.

அங்கே அவளுடைய குட்டிகள் இருந்தன. பிறந்து நான்கு நாள். சொல்லியிருந்தால் கருத்தாயிக்கு மட்டுமா கேட்கும்? குஞ்சுக்கறி ருசி கண்ட அந்தச் சிவந்த கண்ணுக்கும் கேட்கும். எந்தத் தாய் சொல்லுவாள்? அவள் முன்னங்காலைச் சேர்த்துவைத்து, வாலால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார் எப்படி முழிக்கிறது என்றான் சோணை. பேசினால் திமிர், பேசாவிட்டால் திருட்டு. அவளுக்கு வேறு என்னதான் மிச்சம் வைத்தார்கள்?

மறுநாள் காலை. கிணற்றடி வாழையிலையிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. கருத்தாயி வாசலில் நின்று, எப்போதும்போல, எப்போதையும்விட இனிமையாக அழைத்தாள்.

"சாம்பி, வாடி தங்கம்."

சாம்பி வந்தாள். குட்டிகளின் வாயிலிருந்து அப்போதுதான் எடுத்த பால் மடியோடு, ஈரப்புல்லைத் தாண்டித் தாண்டி ஓடி வந்தாள். கருத்தாயியின் முதுகுக்குப் பின்னால் இருந்த சாக்கு முன்னால் வந்தது. அந்த ஏற்பாடு உடைந்தது அந்த இடத்தில்தான். பிறகு நடந்ததெல்லாம் அதன் சில்லுகள்.

திசை மறந்துபோகட்டும் என்று சோணை சாக்கை மூன்று சுற்றுச் சுற்றி முதுகில் போட்டுக்கொண்டு நடந்தான். சாக்குக்குள்ளிருந்து சாம்பி பேசினாள். இப்போது செம்போத்து கேட்காத தூரம் வந்தாகிவிட்டது அல்லவா? வைக்கோல் போருக்குள் மூன்று குட்டி இருக்கிறது, என்னை என்ன வேண்டுமானாலும் செய், அதுகளை மட்டும் எடுத்து ஆத்தாவிடம் கொடு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"களத்துல கேட்டப்ப இல்லாத குட்டி இப்ப எங்கேருந்து வந்துச்சு?" என்றான் சோணை. அதற்குமேல் அவன் காது கொடுக்கவில்லை.

ஆற்றைக் கடந்து, காட்டுக்குள் வெகுதூரம் போய், சாக்கைத் திறந்து உதறிவிட்டுத் திரும்பினான்.

வானம் தரையிலும் தரை பக்கவாட்டிலும் சுற்றின சாம்பிக்கு. மரங்கள் நின்றபோது எல்லாத் திசையும் ஒரே திசையாக இருந்தது. உடும்பு ஒன்று பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வீடு எந்தப் பக்கம் என்று அதனிடம் கேட்டாள். வீடு என்றால் என்ன என்று அது திருப்பிக் கேட்டது. கூப்பிடுகிற இடம் என்று சொல்ல வந்து, சாம்பி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பிறகு அவளுக்கு வழி காட்டியது அவள் மடிதான். குடிக்க வாயில்லாமல் பால் கட்டி வலித்தது. மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஒரு பக்கம் திரும்பினால் மட்டும் வலி கூடியது. அந்தப் பக்கம்தான் குட்டிகள். அந்த வலியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மூங்கில் கிளைகள் ஒன்றோடொன்று உரசி முனகும் காட்டில் நடந்தாள். புள்ளிமான்கள் தலைதூக்கி, இவள் தங்களைப் பார்க்கவில்லை என்று தெரிந்து, மறுபடி மேய்ந்தன. இலவம்பஞ்சு எங்கேயோ வெடித்து, காட்டுக்குள் வெண்ணிறமாக மிதந்துகொண்டே இருந்தது. ஒரு பகல் அவளோடு வந்தது. அது களைத்து விலகியதும் இன்னொரு பகல் வந்தது. ஆற்றில் எருமைகள் மூழ்கிக்கிடந்தன, முதுகு மட்டும் கருங்கல்லாகத் தெரிந்தது. முதுகு விட்டு முதுகு கால்வைத்து அக்கரை போனாள். ஓர் எருமை மட்டும் கண்ணை மூடியபடியே, யாரது, இவ்வளவு கனமான பூனை என்றது. இது பால் கனம் என்றாள் சாம்பி.

இனி வீட்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். சாம்பி போன அன்று சாயங்காலம், புள்ளிக்கோழி வைக்கோல் போரடியில் ஏதோ கீச்சுச் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தது. சிறகும் அலகும் இல்லாத மூன்று உயிர்கள் குளிரில் நெளிந்துகொண்டிருந்தன. யாருடையது, என்ன ஜாதி என்றெல்லாம் அது கேட்கவில்லை. விரித்தே வைத்திருந்த சிறகுக்கு ஒருவழியாக வேலை வந்தது. ஏறி உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை கோழியைக் காணோமே என்று கருத்தாயி தேடி வந்தாள். வைக்கோல் போரடியில் கோழியும் செம்போத்தும் கட்டிப் புரண்டுகொண்டிருந்தன. செம்போத்தைக் கண்டதும், பழக்கதோஷம், அவள் இரண்டு கையும் தானாகக் கும்பிடப் போயின. பாதியில் நின்றன. அதன் அலகில் ஒரு சாம்பல்நிற முடிக்கொத்து இருந்தது. கோழியின் சிறகுக்கடியிலிருந்து, காதோரம் ரத்தத்தோடு ஒரு பூனைக்குட்டி எட்டிப் பார்த்தது.

கருத்தாயி விளக்குமாற்றை எடுத்தாள். நல்ல சகுனம் வேலியேறித் தப்பியது. நேராக அந்த மூலைக்குப் போய்ப் புதரை விலக்கிப் பார்த்தாள். ஒன்பது குஞ்சுகளின் மஞ்சள் தூவியும், கோழி அடைகாக்காமலே போன முட்டைகளின் ஓடுகளும் அங்கே மெத்தை மாதிரி கிடந்தன.

பிறகு சோணையிடம் போனாள்.

"சாக்குக்குள்ள அது எதாச்சும் சொல்லுச்சா?"

சோணை கழுத்தைச் சொறிந்தான். ஆட்டைப் பார்த்தான். "சொல்லுச்சு" என்றான்.

கருத்தாயி திரும்பி நடந்தாள். குட்டிகளை ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்போரம் வைத்து, ஆட்டுப்பாலில் துணித்திரியை நனைத்து நனைத்துப் புகட்டினாள். காதில் காயம்பட்டது மட்டும் திரியைத் தொடவே இல்லை. நேரம் ஆக ஆக அதன் குரல் சிறுத்துக்கொண்டே வந்தது. கோழி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. தாய் இன்று வந்தால் உண்டு, நாளை வந்தால் இல்லை என்று கருத்தாயிக்குப் புரிந்தது.

வெயில் மஞ்சளாகிச் சாயும்போது முற்றத்தோர மண்சுவர்மேல் சாம்பி நின்றாள். காலெல்லாம் முள். மெலிந்திருந்தாள், மடி மட்டும் கனத்திருந்தது.

கருத்தாயி வாசலுக்கு ஓடிவந்தாள். "சாம்பி" என்றாள். சாம்பியின் ஒரு காது அவள் பக்கம் திரும்பியது. உடம்பு அசையவில்லை. "வாடி தங்கம்" என்றாள், அதே சொல், இந்தமுறை பொய்யில்லாமல். இன்னொரு காதும் திரும்பியது. அவ்வளவுதான். புதரைப் பார்த்துவிட்டேன், புத்தி கெட்டுப்போய்ச் செய்துவிட்டேன், உன் பிள்ளை உள்ளே கிடக்கிறது, வந்து பால்கொடு என்றெல்லாம் கெஞ்சினாள். அழைக்கும் ஒவ்வொரு முறையும் சுவர்மேல் இருந்தவளின் முதுகு நடுங்கியது. கால் மட்டும் முன்னால் வரவில்லை.

கடைசியில் அழைக்க வாயில்லாமல் கருத்தாயி உள்ளே போய், பெட்டிக்குப் பக்கத்தில், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். வீடு அமைதியானது. அடுப்பில் சாம்பல் சரிந்தது.

அப்போது சாம்பி வந்தாள். யாரும் கூப்பிடாத அமைதியில், சுவரைவிட்டு இறங்கி, முற்றத்தைக் கடந்து, கருத்தாயியைச் சுற்றிக்கொண்டுபோய்ப் பெட்டிக்குள் படுத்தாள். இரண்டு குட்டிகள் உடனே மடியைக் கவ்வின. மூன்றாவதை நக்கி நக்கித் தன்பக்கம் சேர்த்தாள். அதன் உடம்பிலிருந்த கோழித்தூவியை நாக்கால் எடுத்தாள். கொஞ்சநேரம் கழித்து அதுவும் குடிக்கும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு பிறந்த பூனைகள் எல்லாமே அப்படித்தான். பெயர் சொன்னால் காது திரும்பும், ஆள் வராது. கூப்பிட்டு அலுத்து நாம் நம் வேலையைப் பார்க்கத் தொடங்கியதும், எங்கிருந்தோ வந்து காலோரம் படுத்துக்கொள்ளும். செம்போத்தை இன்னமும் நல்ல சகுனம் என்கிறார்கள், பூனை குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டுப்பாருங்கள், ஒருவரிடமும் பதில் இருக்காது.

கூப்பிட்டால் ஏன் வருவதில்லை என்பதற்கு மட்டும் சாம்பியிடம் பதில் இருந்தது. குட்டிகள் குடித்து உறங்கியபிறகு கருத்தாயி, இவ்வளவு கூப்பிட்டேனே, காதில் விழவில்லையா, ஏன் அப்போதே வரவில்லை என்று கேட்டாள். சாம்பி தலையைத் தூக்கி, இமையை மெதுவாக ஒருமுறை மூடித் திறந்தாள்.

"நீ கூப்பிட்டு வந்தவளைத்தான் சாக்குல கட்டிட்டியே ஆத்தா. இது தானா வந்தவ."