மதகுக்கு எழுதிய நாலு வரி

ஒரு காட்டில், குழந்தைகளே, ஏரிக்கரையில் ஒரு மதகு இருந்தது. கரையில் ஓர் ஓட்டை, அதை அடைக்க ஓர் உருண்டைக் கல், கல் உருளாமல் தாங்க ஒரு மர முளை, அவ்வளவுதான். ஏரி நிரம்பினால் அதைத் திறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் கரையை மீறிப் பள்ளத்து வளைகளுக்குள் புகுந்துவிடும்.

திறக்கத் தெரிந்தது நீர்நாய்க்கு மட்டும். போன வருஷம் அவன் மாமியார் வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்து முள்ளம்பன்றியம்மா தன் இரண்டு குட்டிகளோடு தப்பிப் பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது.

அதனால் மதகு திறக்கும் முறையை எழுதிவைக்கும் பொறுப்பைச் சிங்கராஜா கொண்டைச்சியிடம் கொடுத்தார். கொண்டைச்சி ஒரு மரங்கொத்தி. மரப்பட்டையில் எழுத்துக் கொத்த அவளை விட்டால் ஆளில்லை. அது அவளுக்கும் தெரியும். கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

அவள் நீர்நாயிடம் போய்க் கேட்டாள். "மதகை எப்படித் திறப்பீங்க?"

"முளையைப் பிடுங்கணும். கல்லு உருளும். தண்ணி போயிடும். இதைப் போய் எழுதணுமாக்கும்!" என்றான் நீர்நாய்.

கொண்டைச்சி சிங்கத்தின் குகை வாசலில் இருந்த ஆலமரத்தில் எழுதினாள். முதலில் ராஜாவின் புகழ் ஏழு வரி. அடுத்து ஏரியின் பெருமை ஐந்து வரி. கடைசியில் முளையும் கல்லும் ஒரே வரியில். காடே திரண்டு வந்து பார்த்தது.

"எழுத்து முத்து முத்தா இருக்கு!" என்றார்கள் எல்லோரும். சிங்கராஜா தலையை ஆட்டி ரசித்தார். கொண்டைச்சிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் ஒரு விஷயம் அவள் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. எல்லோரும் எழுத்தைத்தான் மெச்சினார்கள். ஒருவர்கூட மதகுப் பக்கம் போய்ப் பார்க்கவில்லையே!

மறுநாள் காலையில் அவள் ஒரு முயலைப் பிடித்தாள். "முயலண்ணே, நான் எழுதினதைப் படிச்சிட்டு வந்து மதகைத் திறந்து காட்டுங்க." நீர்நாயையும் அழைத்து ஒரு பாறையில் உட்கார வைத்தாள். "நீங்க வாயே திறக்கக் கூடாது."

முயல் ஆலமரத்துக்கு ஓடி, ராஜாவின் புகழையெல்லாம் படித்து முடித்துத் திரும்பி வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. பிறகு அவன் கல்லுக்கு முன்னால் நின்று, முளையைப் பல்லால் கடித்து இழுத்தான்.

"ஐயோ, தள்ளிப் போடா!" என்று நீர்நாய் கத்தினான்.

கல் கடகடவென்று உருண்டு வந்தது. முயல் எகிறிக் குதித்து மயிரிழையில் தப்பினான்.

"வாலை வச்சுக் கல்லைத் தாங்கிக்க வேணாமா?" என்று சீறினான் நீர்நாய்.

"எந்த வாலை?" என்று முயல் திரும்பித் தன் பஞ்சு உருண்டையைக் காட்டினான்.

"வாலைப் பத்தி நீங்க சொல்லவே இல்லையே!" என்றாள் கொண்டைச்சி.

நீர்நாய் திருதிருவென்று விழித்தான். "எத்தனையோ தடவை செஞ்சிருக்கேன்... வாலை வைக்கிறேன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது."

கொண்டைச்சிக்கு அழுகையே வந்துவிட்டது. தன் அழகான எழுத்து ஓர் உயிரைக் குடித்திருக்குமே!

அன்று முழுதும் அவள் முயலை விடவில்லை. வால் இல்லாதவர் எதை வைத்துத் தாங்குவது, எங்கே நிற்பது என்று கேட்டுக் கேட்டு, செய்து பார்க்கச் சொல்லி, தப்பானதை அடித்துத் திரும்ப எழுதினாள். கடைசியில் மதகை ஒட்டி நின்ற மருத மரத்தில், நின்றபடி படிக்கும் உயரத்தில், நாலே வரி கொத்தினாள்:

நீளக் கம்பு ஒன்றைக் கல்லுக்கு முட்டுக் கொடு.
முளையைப் பிடுங்கு.
கரைமேல் ஏறிக்கொள்.
மேலே நின்றபடி கம்பைத் தட்டிவிடு.

"ராஜாவோட புகழ் எங்கே?" என்று நரி முகம் சுளித்தான்.

"ஆலமரத்துலேயே இருக்கு. சாவகாசமாப் படிங்க," என்றாள் கொண்டைச்சி.

ஐப்பசி பிறந்தது. நீர்நாய் மறுபடி மாமியார் வீட்டுக்குப் போனான். ஒரு மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கொண்டைச்சி தன் பொந்திலிருந்து எட்டிப் பார்த்தாள். ஏரித்தண்ணீர் கரையின் விளிம்பைத் தொட இன்னும் ஒரு சாண்தான் இருந்தது. முள்ளம்பன்றியம்மா தன்னந்தனியாக மதகை நோக்கி ஓடிவந்தாள். இதுவரை மதகைத் தொட்டுக்கூட அறியாதவள் அவள்!

"கம்பு! முதல்ல கம்பு!" என்று கொண்டைச்சி கத்தினாள். காற்றிரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

முள்ளம்பன்றியம்மா மருத மரத்தடியில் நின்று படித்தாள். கம்பைத் தேடி எடுத்து முட்டுக் கொடுத்தாள். முளையைப் பிடுங்கினாள். மறுபடி படித்துவிட்டுக் கரைமேல் ஏறினாள். அங்கிருந்து கம்பைத் தட்டிவிட்டாள். கல் உருண்டது. ஏரித்தண்ணீர் கால்வாயில் பாய்ந்து ஓடியது. பள்ளத்து வளைக்குள் ஒரு சொட்டுகூடப் புகவில்லை.

மழை விட்டதும் நீர்நாய் அரக்கப் பரக்க ஓடிவந்தான். "யார் திறந்தது? யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் சொல்லித் தரலையே. சின்ன வேலைதான். யார் வேணும்னாலும் செய்யலாம்," என்று சொல்லிவிட்டு முள்ளம்பன்றியம்மா குட்டிகளுக்குக் கிழங்கு தோண்டப் போனாள்.

மரத்தில் உட்கார்ந்து இதைக் கேட்ட கொண்டைச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சிங்கராஜா தலையாட்டியபோதுகூட அவள் இவ்வளவு பூரித்ததில்லை.

நீதி: எழுதியவர் துணையின்றித் தெரியாதவரையும் செய்ய வைப்பதே நல்ல எழுத்து.