வெள்ளை மண் பூசிய பன்றி

அந்தக் காட்டில் ஒரு சிறைக் குகை இருந்தது. அதற்குக் காவல்காரன் சிலுப்பன் என்ற முள்ளம்பன்றி. பத்துப் பேர் படுக்கிற குகையில் நாற்பது பேர்! நரி மேல் ஆமை, ஆமை மேல் கீரி. திரும்பிப் படுக்கக்கூட இடமில்லை.

"காலையிலதானேடா உன்னை வெளியே விட்டேன்!" என்று சிலுப்பன் கத்தினான்.

எதிரே நின்றவன் மொக்கன் என்ற காட்டுப்பன்றி. முயல்களின் கிழங்குத் தோட்டத்தைத் தோண்டித் தின்று ஐந்தாம் முறையாகப் பிடிபட்டிருந்தான்.

"பசிச்சுது அண்ணே!"

"வேற எங்கயாவது போறது?"

"எங்க போக? நீங்கதான் முதுகுல வெள்ளை மண்ணைப் பூசி அனுப்புறீங்க. அதைப் பார்த்ததுமே எல்லாரும் விரட்டுறாங்க. குட்டையில தண்ணி குடிக்கக்கூட விடல."

விடுதலையாகிறவர்களுக்கு வெள்ளை மண் பூசுவது அங்கே வழக்கம். சிலுப்பனே தன் வாலால் பூசுவான். ஊரை எச்சரிக்கிறோம் என்று அவனுக்கு அதில் பெருமை வேறு.

மறுநாள் காட்டுத் தலைவி யானை புதுச் சட்டம் கொண்டு வந்தாள். "சின்னத் தப்புக்கு இனிமே குகை கிடையாது. யாருக்குக் கெடுதல் செஞ்சியோ அவங்களுக்கு வேலை செய்யணும். வெள்ளை மண்ணும் கிடையாது!"

"உருப்பட்ட மாதிரிதான்!" என்றான் சிலுப்பன்.

"அப்படியா? நீயே ஒருத்தனைக் காட்டு. ஒரு மாசம் பார்ப்போம். அவன் மறுபடி திருடினா சட்டத்தை எடுத்துடறேன். அவனுக்கும் சாகிற வரைக்கும் குகைதான்."

சிலுப்பன் யோசிக்கவே இல்லை. மொக்கனைக் காட்டினான். சட்டம் சீக்கிரம் தோற்கட்டும் என்றுதான்!

மொக்கனை முயல்களிடம் வேலைக்கு அனுப்பினார்கள். அவர்களின் ஊற்று மண் சரிந்து மூடிக் கிடந்தது. தோட்டம் வாடிக்கொண்டிருந்தது.

"தோண்டத்தானே உனக்குத் தெரியும்? இங்க தோண்டு!" என்றாள் முயல்களின் தலைவி சுள்ளி.

மொக்கன் தோண்டினான். எப்போது திருடுவான் என்று சிலுப்பன் பக்கத்திலேயே காத்திருந்தான். ஆறு நாள் போனது. யானையாலேயே அசைக்க முடியாத பாறைகளை மொக்கன் மூக்கால் நெம்பித் தள்ளினான். சிலுப்பன் வாய் பிளந்தான்.

ஏழாம் நாள் மண்ணுக்குள் ஒரு பெரிய கிழங்கு தட்டுப்பட்டது. மொக்கன் நின்றான். எச்சில் ஒழுகியது. சிலுப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"சுள்ளியக்கா!" என்று மொக்கன் கூப்பிட்டான். "ஒரு கிழங்கு இருக்கு. எடுத்துக்கவா?"

சுள்ளி குழிக்கு அருகே வந்தாள். "வேலை செய்யறவனைப் பட்டினி போடுவோமாடா? தின்னு!"

தின்றுவிட்டு அவன் கடைசிக் கல்லைப் புரட்டினான். மண் ஈரமானது. பிறகு பூமிக்குள்ளிருந்து குபுகுபுவென்று தண்ணீர் பொங்கியது! குழி நிறைந்தது. வானம் மொத்தமும் அதற்குள் இறங்கி நின்றது.

சிலுப்பனின் முட்கள் சிலிர்த்து நின்றன. "இந்த மூக்கையா அஞ்சு தடவை இருட்டுல அடைச்சு வெச்சேன்!"

அவன் யானையிடம் ஓடினான். "மாசம் முடிய வேண்டாம் தாயி! சட்டம் இருக்கட்டும்!"

பிறகு குகைக்குப் போனான். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்காததை ஒவ்வொருவரிடமும் கேட்டான்: "உனக்கு என்ன வேலைடா தெரியும்?"

தப்பு செய்தவனை அடைத்து அவமானப்படுத்தினால் அவன் திரும்பத் திரும்ப வருவான். வேலையும் மதிப்பும் கொடுத்தால் திருந்தி வாழ்வான்.