ஆறு மணி நேரம் எரியும் லைட்டு

நண்டுத்துறைக்காரர்களை முட்டாள்கள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். நான் அந்த ஊரில் பெண் எடுத்தவன். முட்டாள் என்றால் யோசிக்காதவன். இவர்களோ யோசிக்காமல் ஒரு காரியமும் செய்ய மாட்டார்கள். டீக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூட நாலு பேர் கூடிப் பேசித்தான் பதில் வரும். அதற்குள் டீ ஆறிவிடும், அது வேறு விஷயம்.

ரெமிஜியுஸின் எஞ்சின் கடலுக்குள் போனதும் யோசித்ததால்தான். ரெமி சங்கு குளிக்கிறவன். சொந்தமாக ஒரு ஃபைபர் வள்ளம், அதில் மாட்டுகிற எஞ்சின், இவ்வளவுதான் அவன் சொத்து. மெக்கானிக் அவனிடம், "மாசத்துக்கு ஒரு தடவை எஞ்சினைக் கழட்டி நல்ல தண்ணியில கழுவுடே, இல்லேன்னா உப்பு அரிச்சிரும்" என்று சொல்லியிருந்தார். எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணி என்றால் உப்பில்லாத, குடிக்கிற தண்ணீர். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ரெமி யோசித்தான். தெருக்குழாயில் புழு வருகிறது, அது நல்ல தண்ணி இல்லை. கரையோரத்தில் சாக்கடை கலக்கிறது, அதுவும் இல்லை. கடலுக்குள் மூன்று மைல் தள்ளி, பாறைகள் இருக்கிற இடத்தில்தான் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். அதைவிட நல்ல தண்ணி உலகத்தில் ஏது? வள்ளத்தை அங்கே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, எஞ்சினைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவினான். சோப்பு என்றால் வழுக்குமா, வழுக்காதா?

பதினைந்து மீட்டர் ஆழத்தில் போய் விழுந்தது எஞ்சின். அன்றைக்கே காற்று மாறி, கண்ணாடித் தண்ணீர் கலங்கல் தண்ணீர் ஆகிவிட்டது. முங்கிப் பார்த்தால் தன் கையே தெரியவில்லை. மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள எடுத்தாந்தா சரி பண்ணிரலாம். தாண்டிச்சுன்னா பழைய இரும்பாப் பேரீச்சம்பழத்துக்குத்தான் போடணும்" என்றார். ரெமியின் கூட்டாளி தொம்மைக்குப் பேரீச்சம்பழம் என்றால் உயிர். அவன் ஞாயிறு தாண்டட்டும் என்று ரகசியமாக வேண்டிக்கொண்டான்.

ரெமியின் மனைவி பிலோமி ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள்: "எஞ்சின் வரலேன்னா திங்கக்கிழமை எந்தம்பி கோழிக்கடையில போய் நில்லுங்க." கடலுக்குள் சுறா பக்கத்தில் போனால்கூட ரெமி அசைய மாட்டான். ஆனால் ஒரு கோழி றெக்கையை அடித்தால் கட்டில் மேல் ஏறி நிற்பான். அவனைக் கோழிகளுக்கு நடுவில் நிற்க வைப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

ஆகவே சனிக்கிழமை காலையில் கஸ்பார் அண்ணன் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். கஸ்பார் அண்ணன் துபாயில் இரண்டு மாதம் இருந்தவர், அதனால் வெளிநாட்டுச் சாமான் என்றால் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. தொம்மையும் இன்னாசியும் உறுப்பினர்கள். எஞ்சின் ரெமியுடையது என்பதால் அவனுக்குக் குழுவில் இடம் இல்லை. சொந்தக்காரன் இருந்தால் பாரபட்சம் வருமாம். சும்மா கூட வரலாம், அவ்வளவுதான்.

டவுனில் கப்பல் சாமான் விற்கிற ஜமால் பாய் கடைக்குப் போனார்கள். கடலுக்கடியில் எரிகிற நல்ல கம்பெனி லைட்டின் விலையைக் கேட்டதும் இன்னாசி தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்தக் காசுக்கு ஒரு பழைய மொபெட்டே வாங்கிவிடலாம். பாய் சிரித்துக்கொண்டே உள்ளேயிருந்து மூன்று சீன லைட்டுகளை எடுத்து வைத்தார். அரைக் கிலோ நெய்மீன் விலைதான்.

"கொண்டு போய்ப் பாருங்க, பிடிச்சா காசு குடுங்க" என்றார் பாய். "தண்ணி உள்ள போகாது. நூறு மீட்டர் வரைக்கும் போகும். ஆறு மணி நேரம் எரியும். ஒண்ணே ஒண்ணு, வெளியில எரிய விடாதீங்க, சூடாயிரும்."

ரெமி ஒரு லைட்டை எடுத்துக்கொண்டு நேராகக் கடலுக்கு ஓடப் பார்த்தான். கஸ்பார் அண்ணன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

"விலை கம்மின்னா டூப்ளிகேட்டா இருக்கும்லே. பாய் சொன்னது ஒவ்வொண்ணையும் சோதிச்சுப் பாத்துட்டுத்தான் தொடணும்."

"அண்ணே, நாளைக்கு ஞாயித்துக்கிழமை!"

"அதுக்குன்னு தரத்தை விட்டுர முடியுமா?"

வள்ளத்தில் ஏறி, துடுப்புப் போட்டு, பாறை இருக்கிற இடத்துக்குப் போய் நங்கூரம் போட்டார்கள். முதல் லைட்டை வாளித் தண்ணீருக்குள் வைத்து ஸ்விட்சைப் போட்டார் கஸ்பார் அண்ணன். பளிச்சென்று எரிந்தது. வெளிச்சம் வாளியிலிருந்து கிளம்பி அவர் மூக்கில் அடித்தது.

"மூடுலே, மூடு! வெளியில எரியுது!" என்று கத்தினார்.

தொம்மை ஒரு தட்டைப் போட்டு வாளியை மூடினான். இப்போது வெளியே எரியவில்லை. உள்ளே எரிகிறதா என்று எப்படித் தெரியும் என்பதில் அரை மணி நேரம் பேச்சு. கடைசியில் இன்னாசி வாளிக்குள் தலையை விட்டான், அவன் கழுத்தைச் சுற்றித் துண்டால் இறுக்கி அடைத்தார்கள். மூச்சு முட்டி அவன் காலை உதைத்த உதையில் வாளி உருண்டது.

"எரியுதா?" என்றார் கஸ்பார் அண்ணன்.

"கண்ணு எரியுது அண்ணே."

அந்த அளவுக்குத் திருப்தி. அடுத்தது, தண்ணி உள்ளே போகாது என்ற விஷயம். தொம்மை லைட்டோடு கடலில் முங்கினான். கொஞ்ச நேரத்தில் மேலே வந்தான்.

"தண்ணி உள்ள போச்சா?"

"வெளியிலேர்ந்து பாத்தா தெரியல அண்ணே."

"பின்ன தொறந்து பாருலே! வெளியில வந்து தொறந்தா, உள்ள இருக்கிற தண்ணி ஒழுகிப்போயிருமே. அங்கேயே தொறந்து பாரு."

தொம்மை மறுபடி முங்கி, அடியில் வைத்து மூடியைத் திருகித் திறந்து பார்த்தான். மேலே வரும்போது அவன் முகம் இருண்டிருந்தது, லைட்டும்தான்.

"உள்ள பூரா தண்ணி, அண்ணே."

கஸ்பார் அண்ணனுக்குப் பாய் மேல் வந்த கோபம் இருக்கிறதே! "எவ்வளவு தைரியமாப் பொய் சொல்லியிருக்கான் பாத்தியா!" என்று பல்லைக் கடித்தார்.

இரண்டாவது லைட்டுக்கு நூறு மீட்டர் சோதனை. நூறு மீட்டர் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். பதினைந்து மீட்டர் போனதும் லைட்டு நின்றுவிட்டது. கயிற்றை ஆட்டினார்கள், உலுக்கினார்கள், தொம்மை கெஞ்சிக்கூடப் பார்த்தான். அது அசையவில்லை.

"தரை தட்டியிருக்கும் அண்ணே" என்றான் ரெமி. பாவம், அவனுக்கு அவசரம்.

"தரை இருந்தா என்ன? நூறு மீட்டர் போகும்னு சொன்னானா இல்லையா?"

"நாம கயித்தைப் பிடிச்சிக்கிட்டே இருந்தா அது எப்படிப் போகும்?" என்றான் இன்னாசி. "ஒருத்தன் இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு ஓடுலேன்னா ஓடுவானா?"

அதுவும் நியாயம்தானே என்று கயிற்றை விட்டார்கள். கயிறு முழுவதும் சரசரவென்று கடலுக்குள் போனது. லைட்டு நூறு மீட்டர் போனதா இல்லையா என்று பார்க்க இப்போது கையில் கயிறு இல்லை. கயிறு போனதா என்று பார்க்க லைட்டும் இல்லை. ஆகவே சந்தேகத்தின் பேரில் அந்த லைட்டையும் தள்ளுபடி செய்தார்கள்.

மிச்சம் ஒன்று. மணி பன்னிரண்டு. ரெமி மூன்றாவது லைட்டைக் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டு குதிக்கப் போனான்.

"எங்கலே போற?" என்றார் கஸ்பார் அண்ணன். "பாய் என்ன சொன்னான்? ஆறு மணி நேரம் எரியும்னு சொன்னான். இப்ப பன்னெண்டு மணி நேரம். இப்பப் போட்டா எப்படி எரியும்?"

ரெமியும் யோசித்தான். நண்டுத்துறைக்காரன் அல்லவா! காலையில் டவுனுக்குக் கிளம்பியது ஏழு மணி நேரம், இட்லி சாப்பிட்டது எட்டு மணி நேரம். அப்படிப் பார்த்தால் லைட்டு எரிய வேண்டியது ஆறு மணி நேரம்தான். சரியென்று உட்கார்ந்துவிட்டான். நாலு பேரும் நட்ட நடு வெயிலில், எஞ்சினுக்கு நேர் மேலே, மடியில் லைட்டை வைத்துக்கொண்டு சாயங்காலம் ஆகக் காத்திருந்தார்கள். கேட்கிற எனக்கே வயிறு எரிகிறது.

ஆறு மணி அடித்ததும் தண்ணீருக்குள் வைத்து ஸ்விட்சைப் போட்டான் ரெமி. எரிந்தது! அதுவும் எப்படி? கடலுக்கடியில் யாரோ கல்யாணப் பந்தல் போட்ட மாதிரி. நாலு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், வள்ளம் ஒருபக்கம் சாய்ந்தது.

ரெமி முங்கினான். மூச்சுக்கு மேலே வருவான், மறுபடி முங்குவான். ஏழெட்டு முங்கலுக்குப் பிறகு, "கிடைச்சிருச்சு! எஞ்சின் கிடைச்சிருச்சு!" என்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தான். அவன் கண்ணில் தண்ணீர், கடல் தண்ணீர் இல்லை. நங்கூரக் கயிற்றைக் கொண்டுபோய்க் கட்டினான், மூன்று பேரும் தம் பிடித்து இழுத்தார்கள். எஞ்சின் வள்ளத்துக்குள் வந்து உட்கார்ந்தது. ரெமி அதைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தான். "இனிமே கோழி மூஞ்சியில முழிக்க வேண்டாம்!" என்று கூவினான்.

கஸ்பார் அண்ணன் மட்டும் கூவவில்லை. எரிந்துகொண்டிருந்த லைட்டின் வெளிச்சத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரிபார்க்க இன்னாசியிடமும் நீட்டினார்.

"மணி என்னலே?"

"ஏழரை அண்ணே."

"ஆறு மணி நேரம் எரியும்னு சொன்ன லைட்டு, ஏழரைக்கும் எரியுதே?"

சொன்ன நேரத்துக்கு எரிந்தது சரி, சொல்லாத நேரத்துக்கும் எரிந்தால் அது என்ன லைட்டு? குழு கூடிப் பேசியது. மூன்று லைட்டுமே டூப்ளிகேட் என்று ஒருமனதாக முடிவானது.

"அப்ப ஒண்ணு கேக்கேன்" என்றான் இன்னாசி, குரலைத் தாழ்த்தி. "டூப்ளிகேட் லைட்டு காட்டின எஞ்சின் மட்டும் எப்படி அசலா இருக்கும்?"

ரெமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏலே, இது என் எஞ்சின்டே! பாரு, என் பொண்டாட்டி பேரு எழுதியிருக்கு. என் கையால சிவப்புப் பெயிண்ட்ல எழுதினேன்."

கஸ்பார் அண்ணன் குனிந்து பார்த்தார். 'பிளோமி' என்று எழுதியிருந்தது.

"பிலோமிக்கு இந்த 'ளோ' வருமா?"

"வராது அண்ணே. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"அந்தத் தப்பைக்கூட விடாம அடிச்சிருக்கான் பாரு! டூப்ளிகேட்காரன் மூளைய என்னன்னு சொல்றது?"

ரெமி எஞ்சினைப் பார்த்தான். தன் மனைவி பேர் சீனாக்காரனுக்கு எப்படித் தெரிந்தது என்று நினைக்க நினைக்க அவனுக்கு ஆத்திரம் பொங்கியது. அவனே முதல் ஆளாக எஞ்சினைப் பிடித்துத் தூக்கினான். "குடும்பப் பொம்பள பேர்லயாலே விளையாடுதே!" என்று கத்திக்கொண்டே கடலுக்குள் தள்ளினான்.

கரையில் பிலோமி காத்துக்கொண்டிருந்தாள்.

"எஞ்சின் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"எங்க?"

"திரும்பக் கடல்ல போட்டுட்டோம். அது டூப்ளிகேட்" என்று ரெமி நடந்ததையெல்லாம் விலாவாரியாகச் சொன்னான்.

பிலோமி மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "அட கிறுக்குப் பிடிச்ச மனுசா! நாளான்னைக்குக் கோழிக்கடைதான் உனக்கு, போ!"

"எதுக்கு?" என்றான் ரெமி, சிரித்துக்கொண்டே. "நாளைக்குக் காலையில கம்பெனி லைட்டு வாங்கிட்டுப் போய் அசல் எஞ்சினை எடுத்துருவோம். ரெண்டும் ஒரே இடத்துல கிடக்கே, மாறிப்போயிராதான்னுதானே நீ பயப்படுதே? அதையும் யோசிச்சாச்சு. கடல்ல தள்ளுறதுக்கு முந்தி, கஸ்பார் அண்ணன் டூப்ளிகேட்டுல இருந்த உம் பேரைக் கத்தியால சுத்தமாச் சுரண்டி எடுத்துட்டாரு. இனிமே பேரில்லாத எஞ்சின் எத்தனை தடவை கையில சிக்கினாலும் நாங்க தொடவே மாட்டோம்!"